கேட்டதும் திறக்கும் மடை: லினக்ஸ் கெர்னலில் மாட்யூல்கள் தானாக ஏறுவதை ஏன் அடக்க வேண்டும்

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் ஒரு கல்லூரி லேபில் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் எல்லோருக்கும் அதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. சி நிரல் எழுதுவது, பைத்தான் ஓட்டிப் பார்ப்பது, நெட்வொர்க் பாடத்தின் சாக்கெட் பயிற்சிகள் எல்லாம் அதில்தான் நடக்கும். கொஞ்ச நாள் முன்பு மூன்றாமாண்டு மாணவன் ஒருவனை டெர்மினல் முன்னால் உட்கார வைத்து ஒரு சின்ன வேலை சொன்னேன். முதலில் எல்எஸ்மாட் என்று அடித்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களின், அதாவது தேவைப்படும்போது கெர்னலோடு சேர்த்துக்கொள்ளும் நிரல் துண்டுகளின், பட்டியலை எடுக்க வேண்டும். அதில் டிஐபிசி என்ற பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தான், இல்லை. அடுத்தது பைத்தானில் ஒரே ஒரு வரி: முகவரிக் குடும்பம் 30 என்று சொல்லி ஒரு சாக்கெட் திறப்பது. சாக்கெட் என்பது நிரல்கள் நெட்வொர்க்கில் பேசும் வாசல், எந்த வகை நெறிமுறையில் பேசுவது என்பதைச் சொல்லும் எண்தான் முகவரிக் குடும்பம். என்டர் தட்டினான். பிழை ஒன்றும் வரவில்லை. மறுபடி எல்எஸ்மாட் அடித்தான். பட்டியலின் உச்சியில் டிஐபிசி உட்கார்ந்திருந்தது. அதற்குத் துணையாக யுடிபி டன்னல் மாட்யூல்கள் இரண்டும் கூடவே வந்திருந்தன.

"சார், நான் ரூட் இல்லியே. பொறவு எப்பிடி இது உள்ள வந்துது?" என்று கேட்டான்.

ரூட் என்றால் இயந்திரத்தின் மேல் முழு அதிகாரம் உள்ள கணக்கு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

டிஐபிசி என்பது பல சர்வர்கள் கூட்டாக வேலை செய்யும் இடங்களில் அவை தமக்குள் பேசிக்கொள்ள எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த ஒரு நெறிமுறை. எங்கள் லேபில் அதற்கு வேலையே இல்லை. இருந்தாலும் அதன் நிரல் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்று லினக்ஸ் வெளியீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். உலகத்தில் யாருக்கு எந்த வன்பொருள் இருக்கும், எந்த நெறிமுறை தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஆயிரக்கணக்கான மாட்யூல்களைச் சேர்த்தே அனுப்புகிறார்கள். எங்கள் சர்வரில் ஒரு நேரத்தில் ஏறியிருப்பது சுமார் நூறு. மற்றவை கூப்பிட்டால் வரக் காத்திருப்பவை.

யார் கூப்பிட்டால் வரும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மாட்யூல் என்ற வசதி லினக்ஸில் 1995இல், 1.2 பதிப்பிலேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு 2.0 பதிப்பில் கெர்னல்டி என்று ஒரு பின்னணி நிரல் சேர்ந்தது. கெர்னலுக்கு ஏதாவது மாட்யூல் வேண்டுமென்றால் இதனிடம் சொல்லும், இது ஏற்றிக் கொடுக்கும். 1999இல் வந்த 2.2 பதிப்பில் அந்த இடத்தை கேமாட் பிடித்தது. தேவைப்படும்போது மாட்ப்ரோப் என்ற நிரலைக் கெர்னலே நேராக ஓட வைக்கும் முறை அது. அடிப்படையில் இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். மெமரி சில எம்பிக்களாக எண்ணப்பட்ட காலத்தில் அது பெரிய உபகாரம். பயனர் எதையும் யோசிக்க வேண்டாம், கேட்டது கிடைக்கும்.

அந்த மாணவன் 30 என்று கேட்டபோது நடந்தது இது. கெர்னல் தன் அட்டவணையைப் பார்த்தது, 30ஆம் எண்ணுக்கு ஆள் இல்லை. உடனே 'நெட்-பிஎஃப்-30' என்ற மாற்றுப் பெயரை எழுதி மாட்ப்ரோப்பிடம் கொடுத்தது. மாட்ப்ரோப் தன் பெயர்ப் பட்டியலில் தேடி, அந்தப் பெயர் டிஐபிசி மாட்யூலுக்கு உரியது என்று கண்டுபிடித்து ஏற்றியது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: மாட்ப்ரோப் ஓடியது மாணவனின் உரிமையோடு அல்ல, ரூட் உரிமையோடு. கேட்டவன் யார், அவனுக்கு அந்தத் தகுதி உண்டா என்று இந்த வழியில் எங்கேயும் விசாரணை கிடையாது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல பேச்சிப்பாறை அணை போதும். ஷட்டரைத் திறக்கும் அதிகாரம் பணியாளருக்குத்தான் உண்டு. கால்வாய் முடியும் கடைவரம்பில் வயல் வைத்திருப்பவர் போய்த் திறக்க முடியாது. சரி, இனி இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கால்வாய்க் கரையில் நின்று யார் குரல் கொடுத்தாலும், பெயர்கூடக் கேட்காமல் அந்தப் பணியாளர் ஷட்டரைத் திறந்துவிடுகிறார். விதிப்படி திறந்தது அவர்தான், அதிகாரமும் அவருடையதுதான். ஆனால் எப்போது, எந்த மடை திறக்கும் என்பதை முடிவு செய்வது கரையில் நிற்பவர்.

மாட்யூல் உள்ளே வந்ததால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். லினக்ஸ் கெர்னலில் அறை அறையாகத் தடுப்புச் சுவர் கிடையாது. உள்ளே வந்த மாட்யூல் எதுவானாலும் கெர்னலின் மற்றப் பகுதிகளோடு ஒரே நினைவகத்தில், ஒரே அதிகாரத்தோடு ஓடும். அதில் ஒரு ஓட்டை இருந்தால் அது அந்த மாட்யூலோடு நிற்காது, முழு இயந்திரத்துக்குமான ஓட்டையாகிவிடும். நாள்தோறும் கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் டிசிபி நிரலில் பிழை இருந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். யாருமே தொடாத நெறிமுறையின் நிரலில் இருக்கும் பிழை வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கிடந்திருக்கிறது. 2010 அக்டோபரில் டான் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் ஆர்டிஎஸ் நெறிமுறையில் ஒரு ஓட்டையை வெளியிட்டார். டேட்டாபேஸ் சர்வர் கூட்டங்களுக்காக ஆரக்கிள் உருவாக்கிய நெறிமுறை அது. சாதாரணப் பயனர் ஒருவர் அதை வைத்து ரூட் ஆகிவிட முடிந்தது. டேட்டாபேஸ் கூட்டம் எதுவும் இல்லாத மேசைக் கணினியிலும் இது நடந்தது. காரணம், ஒரு சாக்கெட் கேட்டால் போதும், மாட்யூல் தானாக வந்துவிடும்.

2017இல் அடுத்தடுத்து இரண்டு வந்தன. பிப்ரவரியில் ஆந்த்ரே கொனவாலவ், டிசிசிபி நெறிமுறையில் ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கும் பிழையைக் கண்டுபிடித்தார். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-6074 என்பது அதன் எண். கூகுளின் சிஸ்காலர் என்ற கருவி கெர்னலை விதவிதமான அழைப்புகளால் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். அப்படித் தட்டியதில் சிக்கியது இது. டிசிசிபி கெர்னலுக்குள் வந்த 2005 முதலே அந்தப் பிழை இருந்திருக்க வேண்டும், பதினொரு வருஷத்துக்கு மேல். மார்ச்சில் அலெக்சாண்டர் பொப்போவ் வெளியிட்டது என்-ஹெச்டிஎல்சி என்ற மாட்யூலின் பிழை. சீரியல் இணைப்புகளுக்கான பழைய பகுதி அது, பிழை 2009 முதல் உள்ளே இருந்தது. அதற்கான வன்பொருள் இயந்திரத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு போலி டெர்மினலைத் திறந்து, அதன் வரி ஒழுங்கை (டெர்மினல் வழியாகப் போய்வரும் தரவைக் கையாளும் பகுதியை) மாற்றச் சொன்னாலே மாட்யூல் தானாக ஏறிக்கொள்ளும்.

ஆர்டிஎஸ், டிசிசிபி, என்-ஹெச்டிஎல்சி. இந்த மூன்றில் ஒன்றைக்கூட எங்கள் லேபில் யாரும் பயன்படுத்தியதில்லை. மூன்றும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. மூன்றையும் முதலாமாண்டு மாணவர்கூட ஒரு வரியில் உள்ளே வரவழைத்திருக்க முடியும். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அந்த நாட்களில் எங்கள் சர்வர் மாதக்கணக்கில் அப்டேட் இல்லாமல் ஓடியிருக்கிறது. செமஸ்டர் நடுவில் ரீபூட் வேண்டாம், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடுவது எல்லா லேபிலும் நடப்பதுதான். ஓட்டை வெளியான நாளுக்கும் நாம் அடைக்கும் நாளுக்கும் நடுவில் நீளும் அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது எது? அந்த மாட்யூல் உள்ளே வராமல் இருப்பது மட்டும்தான்.

கெர்னல் ஆட்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. ஒரு காலத்தில் நெட்வொர்க் நிர்வாக உரிமை மட்டும் உள்ள ஒருவர், நெட்வொர்க் கருவியின் பெயர் கேட்கும் இடத்தில் எந்த மாட்யூலின் பெயரைக் கொடுத்தாலும் அது ஏறிவிடும். கோப்பு முறைமைக்கான மாட்யூலைக்கூட அப்படி ஏற்றலாம். 2011இல் அதை மாற்றினார்கள். அந்த வழியில் வரும் பெயருக்கு முன்னால் 'நெட்டெவ்' என்ற ஒட்டைக் கெர்னல் சேர்க்கும், அந்த ஒட்டு உள்ள பெயருக்கு உரிய மாட்யூல்தான் வரும். 2013இல், ஒரு டிஸ்க்கைக் கோப்பு முறைமையாக இணைக்கும் மவுண்ட் அழைப்புக்கும் 'எஃப்எஸ்' என்ற ஒட்டு வந்தது. கோப்பு முறைமை என்று கேட்டால் கோப்பு முறைமைதான் கிடைக்கும். நல்ல மாற்றங்கள்தான். ஆனால் எது வரலாம் என்பதைத்தான் அவை சுருக்கின, யார் கேட்கலாம் என்பதைத் தொடவில்லை.

அதைத் தொட முயன்றவர் ஜலால் ஹரூனி என்ற நிரலாளர். 2017இல் பல முறை திருத்தித் திருத்தி அவர் அனுப்பிய மாற்றங்களின் கரு எளிமையானது. ஒரு அமைப்பு, அதற்கு மூன்று மதிப்புகள். 0 என்றால் பழையபடி யார் கேட்டாலும் ஏறும். 1 என்றால் மாட்யூல் ஏற்றும் உரிமை உள்ளவர் கேட்டால்தான் ஏறும். 2 என்றால் யாருக்கும் தானாக ஏறாது. ஒட்டுமொத்த இயந்திரத்துக்கும் வைக்கலாம், ஒரு நிரலுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் மட்டும் தனியாகவும் வைக்கலாம். கெர்னலுக்கு வெளியே கிடைத்த ஜிஆர்செக்யூரிட்டி என்ற பாதுகாப்புத் தொகுப்பில் இதே போன்ற கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது. அந்த யோசனையை மூலக் கெர்னலுக்குள், அதாவது எல்லா வெளியீடுகளுக்கும் அடிப்படையான லினஸின் கெர்னலுக்குள், கொண்டுவருவதுதான் நோக்கம்.

அதன் ஐந்தாவது திருத்தம் வந்தது 2017 நவம்பர் கடைசி வாரம். குமரி மாவட்டத்துக்காரர் யாருக்கும் அந்த வாரம் மறக்காது. ஓகி புயல் அடித்த வாரம் அது. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கடற்கரை ஊர்கள் அழுதுகொண்டிருந்தன, பல நாள் மின்சாரம் இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றங்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதை மின்சாரம் திரும்பிய பிறகுதான் படித்தேன்.

லினஸுக்குக் கேட்டதும் பிடிக்கவில்லை. பொதுவாக அவர் நிலைப்பாடு இரண்டு பக்கமும் வெட்டும். இப்படி ஒரு பூட்டு முன்னிருப்பாகவே, அதாவது யாரும் எதையும் மாற்றாமலே, போட்டிருந்தால் பயனர்களின் இயந்திரங்கள் உடையும். நேற்று வரை வேலை செய்த ஒன்று இன்று புதுக் கெர்னலால் நின்றுபோவதை அவர் எக்காரணம் கொண்டும் ஏற்பதில்லை. முன்னிருப்பாகப் போடாமல் விட்டால், தேடிப் போய்ப் பூட்டுகிறவர் சிலர்தான், மற்ற எல்லோரும் பழையபடியே திறந்து கிடப்பார்கள். அதனால் ஒட்டுமொத்தமாக ஒரு பூட்டு என்பதைவிட, கெர்னலில் மாட்யூல் கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, இங்கே உரிமை பார்க்க வேண்டுமா என்று தனித்தனியாக முடிவு செய்யச் சொன்னார்.

அவர் சொல்வதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். தண்ணீர் வராவிட்டால் கடைவரம்பு வயல் காயும், அதுவும் நிஜமான கஷ்டம்தான். ஆனால் முன்னிருப்பாக இல்லாத பூட்டால் பயனில்லை என்ற பாதியை நான் ஏற்கவில்லை. லினக்ஸ் வெளியீடுகளைத் தயாரிப்பவர்கள் ஒரு முறை திருப்பினால் லட்சக்கணக்கான இயந்திரங்களில் அது திரும்பிவிடும். எங்களைப் போன்ற சின்ன லேப்காரர்களுக்கு ஒரே வரியில் போடக்கூடிய பூட்டு கிடைத்திருக்கும். அந்த மாற்றங்கள் மூலக் கெர்னலில் சேரவே இல்லை.

சேர்ந்தது லினஸ் காட்டிய வழியில் வந்த ஒன்று. என்-ஹெச்டிஎல்சி வந்த அதே வாசலுக்கு, அதாவது டெர்மினல் வரி ஒழுங்குகளுக்கு மட்டும், 2019இல் 5.1 பதிப்பில் ஒரு அமைப்பு வந்தது. 'எல்டிஸ்க்_ஆட்டோலோட்' என்பது பெயர். 0 என்று வைத்தால் மாட்யூல் உரிமை உள்ளவருக்குத்தான் புதிய வரி ஒழுங்கு ஏறும். டிசிசிபியைப் பொறுத்தவரை, கடைசியில் 2025இல் கெர்னலை விட்டே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், இந்தத் தானியங்கி ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பலர் கவனிப்பதில்லை. மாட்ப்ரோப் எங்கே இருக்கிறது என்ற பாதை கெர்னல் நினைவகத்தில் ஒரு எழுத்துச் சரமாக இருக்கும். வேறு ஏதோ ஓட்டை வழியாகக் கெர்னல் நினைவகத்தில் எழுத வழி கண்டுபிடித்த தாக்குநர், அந்தச் சரத்தை மாற்றித் தன் ஸ்கிரிப்ட்டின் பாதையை வைத்துவிடுவார். பிறகு கெர்னலுக்குத் தெரியாத ஏதாவது மாட்யூலைக் கேட்டால் போதும். கெர்னல் நம்பிக்கையோடு ரூட் உரிமையில் ஓடவிடுவது தாக்குநரின் ஸ்கிரிப்ட்டை. தாக்குதல் நிரல்களில் இது மிகவும் புழக்கமான உத்தி. உதவி நிரலின் பாதையை மாற்ற முடியாதபடி கெர்னலைக் கட்டும்போதே நிலையாக வைக்கும் வசதி 2017இல் 4.11 பதிப்பில் வந்தது.

சரி, இன்றைக்கு நம் கையில் என்ன இருக்கிறது? கடுமையான பூட்டு ஒன்று 2009 முதலே உண்டு: 'மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட்' என்ற அமைப்பை 1 ஆக்குவது. அதன் பிறகு ரூட்டே கேட்டாலும் எந்த மாட்யூலும் ஏறாது, இறங்காது. திரும்ப 0 ஆக்கவும் முடியாது, ரீபூட்தான். முதலில் எங்கள் சர்வரில் இதைத்தான் போட்டேன். செய்முறைத் தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வினாத்தொகுப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். செருகினால் சர்வர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பூட் ஆனதிலிருந்து யாரும் பென் டிரைவ் செருகியிருக்கவில்லை, அதனால் யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் ஏறவே இல்லை, பூட்டு விழுந்துவிட்டது. முப்பது பிள்ளைகள் காத்திருக்க, ரீபூட் செய்துதான் தேர்வைத் தொடங்கினோம். லினஸ் எதைப் பார்த்து அஞ்சுகிறார் என்பது அன்று எனக்கு நேராகவே புரிந்தது.

அந்த நாளுக்குப் பிறகு வரிசையை மாற்றினேன். யுஎஸ்பி ஸ்டோரேஜ், பென் டிரைவ்களில் இருக்கும் கோப்பு முறைமைகளான விஃபேட், எக்ஸ்ஃபேட் என்று நிச்சயம் தேவைப்படுபவற்றை ஒரு கோப்பில் எழுதி, பூட் ஆகும்போதே ஏற வைத்தேன். அடிக்கடி வன்பொருள் மாறும் மேசைக் கணினிகளில் முழுப் பூட்டு வேண்டாம் என்று விட்டேன். அங்கே வேறு வழி இருக்கிறது: மாட்ப்ரோப் பாதை இருக்கும் அமைப்பை வெறுமையாக்கிவிடுவது. அப்போது கெர்னல் தானாகக் கேட்பது நின்றுவிடும். வன்பொருளைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற நிரல் தனி வழி. வன்பொருள் செருகப்பட்டதும் அது மாட்யூலை நேராக ஏற்றுகிறது, கெர்னலின் அந்தப் பாதையை நம்பி இல்லை. அதனால் மவுஸும் பென் டிரைவும் வழக்கம்போல வரும், மாணவன் கேட்கும் 30ஆம் எண் வராது. சாக்கெட், மவுண்ட் போன்ற வழிகளில் உண்மையாகவே தேவைப்படுபவற்றை மட்டும் முன்கூட்டியே ஏற்றிவைக்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டை அந்தப் பட்டியலில் வைத்தது இதனால்தான்.

முழுக்க நிறுத்த முடியாத இடங்களில் ஒவ்வொன்றாகத் தடுக்கலாம். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் 'பிளாக்லிஸ்ட்' என்று எழுதினால், அந்த மாட்யூலின் உள் மாற்றுப் பெயர்களைத்தான் மாட்ப்ரோப் மறக்கும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலோ, வேறொரு மாட்யூலுக்குத் துணையாகத் தேவைப்பட்டாலோ அது ஏறிவிடும். அதே கோப்பில் 'இன்ஸ்டால்' என்ற சொல்லோடு மாட்யூல் பெயரையும், எப்போதும் தோல்வியைத் திருப்பும் 'ஃபால்ஸ்' நிரலின் பாதையையும் எழுதினால் தடுப்பு உறுதியாகும். உபுண்டுவில் அரிய நெட்வொர்க் நெறிமுறைகளுக்கென்றே ஒரு தடைக் கோப்பு ஆயத்தமாக வருகிறது. ஆர்டிஎஸ், எக்ஸ்25, ஈகோநெட் எல்லாம் அதில் உண்டு. நல்ல தொடக்கம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. எங்கள் லேபின் கோப்பில் டிஐபிசியும் என்-ஹெச்டிஎல்சியும் சேர்ந்திருக்கின்றன.

வெப் சர்வர் போன்ற சேவைகளுக்கு, அவற்றைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் 'ரெஸ்ட்ரிக்ட் அட்ரஸ் ஃபேமிலீஸ்' என்ற வரி இருக்கிறது. ஐபிவி4, ஐபிவி6, யூனிக்ஸ் சாக்கெட் என்று எழுதிவிட்டால் அந்தச் சேவை வேறு குடும்பத்தைக் கேட்கவே முடியாது. 'ப்ரொடெக்ட் கெர்னல் மாட்யூல்ஸ்' என்று இன்னொரு வரியும் உண்டு. பெயரைப் பார்த்து அது போதும் என்று நினைத்துவிட வேண்டாம். அது தடுப்பது சேவை நேரடியாக மாட்யூல் ஏற்றுவதை. பக்கவிளைவாகக் கெர்னல் ஏற்றிக்கொள்வதை அது முழுதாக நிறுத்தாது.

தடைகளைப் போட்ட மறுவாரம் அதே மாணவனைக் கூப்பிட்டு அதே வரியை அடிக்கச் சொன்னேன். பிழை எண் 97 வந்தது: இந்த முகவரிக் குடும்பத்துக்கு இங்கே ஆதரவு இல்லை. எல்எஸ்மாட் பட்டியலில் டிஐபிசி இல்லை.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. வண்டிகளின் மின்னணுப் பாகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸுக்கான மாட்யூலையும் தடுக்கத்தான் நினைத்திருந்தேன். 2010இல் அதிலும் ஒரு மோசமான ஓட்டை வெளியானது. ஆனால் மின்துறை மாணவர்கள் நான்கு பேர் மின்சார ஆட்டோ ஒன்றின் பேட்டரியோடு பேசும் புராஜெக்ட் செய்கிறார்கள், அவர்களுக்குக் கேன் இல்லாமல் நடக்காது. அதனால் ஜன்னலோரம் இருக்கும் ஒரு பழைய கணினியை அவர்களுக்கென்று ஒதுக்கி, அதில் மட்டும் கேன் மாட்யூல்களைப் பூட் ஆகும்போதே ஏற வைத்திருக்கிறேன். மற்றவர்களின் கணக்குகள் அதில் இல்லை. மே மாதம் புராஜெக்ட் முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.